சென்னையில் பசுமை வீடு: கட்டுவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் தனி வீடுகள் கட்டும் வேலையில் இருக்கிறேன். பிளான் போட உட்காரும்போது குடும்பத்தோடு வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். கரண்ட் பில் குறையணும், தண்ணி லாரிக்கு ஃபோன் போடாமல் இருக்கணும், மே மாசம் ராத்திரி தூக்கம் வரணும், ஊரையும் கெடுக்காமல் இருக்கணும். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். எல்லாமே சென்னைக்கானது. கோயம்புத்தூருக்கோ ஊட்டிக்கோ கட்டுபவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே காற்றும் வெயிலும் வேறு.

பசுமை வீடு என்றால் சோலார் போட்ட வீடுதானே?

இல்லை. சோலார் கடைசியில் வருவது. வெயில் உள்ளே வராமல் தடுப்பது முதல் வேலை, காற்று உள்ளே வந்து வெளியே போக வழி வைப்பது இரண்டாவது, மழைத்தண்ணீரை வாசலோடு அனுப்பாமல் பிடிப்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் பிளான் பேப்பரில்தான் வேலை, பணம் அதிகம் ஆகாது. மெஷின்கள் எல்லாம் அதற்கு அப்புறம். வெயிலை முழுசாக உள்ளே விட்டுவிட்டு, அதை விரட்ட மூன்று ஏசி வைத்து, அந்த ஏசிக்குக் கரண்ட் கொடுக்க மாடி முழுக்க சோலார் பேனல் வைப்பதை நான் பசுமை வீடு என்று சொல்ல மாட்டேன். முதலிலேயே ஒரு ஏசியைத் தேவையில்லாமல் ஆக்குவதுதான் பெரிய சேமிப்பு.

எந்தப் பக்க வெயில் மோசம்?

மேற்கு. சந்தேகமே வேண்டாம். ஆனால் மற்ற திசைகளைப் பற்றிப் பலருக்கும் தப்பான எண்ணம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை, நடுப்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே, அதாவது கத்திரி வெயில் உள்பட, சூரியன் நமக்குக் கொஞ்சம் வடக்கே தள்ளித்தான் போகிறது. ஆக, நம்மைப் படுத்தும் மே, ஜூன் மாதங்களில் தெற்குச் சுவரில் வெயிலே விழாது. டிசம்பர், ஜனவரியில் விழும், ஆனால் அப்போது அது தொந்தரவில்லை. தெற்கு ஜன்னலுக்கு மேல் 2 அடி சன்ஷேட் போட்டால் உச்சி வெயிலும் அடங்கிவிடும். போதாததற்கு, மதியத்துக்கு மேல் வரும் கடல்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும்தான் வீசுகிறது. அதனால் சென்னையில் பெரிய ஜன்னல் வைக்க ஆசைப்பட்டால் தெற்கிலும் தென்கிழக்கிலும் தாராளமாக வையுங்கள்.

மேற்கு அப்படியில்லை. மூன்று மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து நேராகச் சுவரைப் பார்த்து அடிக்கும், சன்ஷேட் அதைத் தடுக்காது. அந்தப் பக்கம் மாடிப்படி, பாத்ரூம், ஸ்டோர் ரூம், பீரோ நிற்கும் சுவர் என்று போட்டுவிடுங்கள். ஜன்னல் வைத்தே ஆகவேண்டும் என்றால் சின்னதாக வைத்து, வெளிப்பக்கம் மறைப்பு கொடுங்கள். மூங்கில் தட்டி, மர ஜாலி, கொடி படர்ந்த கம்பி வலை, எதுவானாலும் சரி. உள்ளே தொங்கும் திரைச்சீலை வெளிச்சத்தைத்தான் குறைக்கும். கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு ஏற்கனவே உங்கள் ரூமுக்குள் இருக்கிறது.

வாஸ்துப்படி மாஸ்டர் பெட்ரூம் தென்மேற்கில்தான் வரணும் என்கிறார்களே?

வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கையோடு நான் மோதுவதில்லை. ஆனால் தென்மேற்கு மூலைதான் சென்னையில் சாயங்காலம் கொதிக்கும் மூலை என்பதைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள். அங்கே பெட்ரூம் வந்தால், அதன் மேற்குச் சுவரை ஒட்டி வெளிப்பக்கமாக அட்டாச்டு பாத்ரூமையோ வார்ட்ரோபையோ கொண்டுவாருங்கள். வெயில் அதில் பட்டு நின்றுவிடும், படுக்கும் இடம் தப்பிக்கும். பெட்ரூம் ஜன்னலைத் தெற்கில் வையுங்கள். இப்படிச் செய்தால் வாஸ்துவும் கெடாது, தூக்கமும் கெடாது. பல வீடுகளில் இந்த ஏற்பாட்டுக்கு மாமியார் மருமகள் இருவருமே சரி சொல்லியிருக்கிறார்கள்.

ஜன்னல் எவ்வளவு பெரிசா இருக்கணும்?

மத்திய மின்துறை அமைச்சகம் வீடுகளுக்காக 2018-ல் ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்று ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. சென்னை மாதிரி வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களுக்கு அது சொல்லும் கணக்கு: வீட்டின் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, திறக்கக்கூடிய ஜன்னலாகவோ கதவாகவோ இருக்க வேண்டும்.

திறக்கக்கூடிய என்பதைக் கவனியுங்கள். 10-க்கு 12 ரூம் என்றால் 120 சதுர அடி, அதற்கு 20 சதுர அடி திறப்பு தேவை. இப்போது எல்லோரும் போடும் யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல் 4-க்கு 4 என்றால் பார்க்க 16 சதுர அடி, ஆனால் ஒரு பாதி இன்னொரு பாதியின் மேல்தான் நகர்கிறது, காற்று வருவது 8 சதுர அடிக்குத்தான். அதே காசுக்கோ கொஞ்சம் கூடவோ கொடுத்து வெளியே முழுசாகத் திறக்கும் கதவு ஜன்னல் போட்டால் 16-ம் கிடைக்கும். கடைக்காரர் ஸ்லைடிங்தான் இப்போ டிரெண்ட் என்பார், நீங்கள் பிடித்த பிடியில் நில்லுங்கள்.

அப்புறம், ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைப்பதால் காற்று ஓடாது. காற்றுக்கு வரும் வழியும் போகும் வழியும் வேண்டும். எதிர்ச்சுவரில் இடமில்லாவிட்டால் கதவுக்கு மேல் வென்டிலேட்டர் வையுங்கள். பழைய மயிலாப்பூர் வீடுகளில் உயரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஜன்னல்கள் சும்மா அழகுக்கு இல்லை, மேலே சேரும் சூடான காற்று அதன் வழியாகத்தான் வெளியேறியது. இன்று ஃபால்ஸ் சீலிங் போடுவதற்காக முதலில் அதைத்தான் அடைக்கிறார்கள்.

கொசுவலையை எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடுங்கள். அது இல்லாத வீட்டில் சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லா ஜன்னலும் மூடப்படும், கடல்காற்று வெளியிலேயே நிற்கும்.

மேல் மாடியில் ராத்திரி பத்து மணிக்கும் அனல் அடிக்கிறது. ஏன்? என்ன செய்யலாம்?

பதினொரு மணிக்குக் கட்டில் மேல் ஏறி நின்று உள்ளங்கையைக் கூரையில் வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாக இருக்கும். வெளியே பால்கனியில் காற்று பரவாயில்லை என்று இருக்கும், தலைக்கு மேல் கான்கிரீட் மட்டும் இன்னும் பகலிலேயே இருக்கும். கான்கிரீட் பகல் முழுக்க வெயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மெதுவாகக் கீழே இறக்குகிறது. மே மாதம் வெயிலில் வெறும் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி வரைக்கும் போகும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் ராத்திரி குளிர்ந்து அந்தச் சூடு வானத்துக்குப் போய்விடும். சென்னையில் மே மாத ராத்திரியே பல நாள் 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை, ஈரப்பதம் வேறு. அதனால் சூடு போக இடமில்லாமல் மறுநாள் வெயில் வந்துவிடுகிறது.

ஃபேனை வேகமாக வைத்தால் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். ஆகவே சூடு ஸ்லாபுக்குள் போகுமுன் தடுக்க வேண்டும், வேலை எல்லாம் மேலே.

நம் ஊர் கொத்தனார்களுக்கு நன்றாகத் தெரிந்த முறை ஒன்று உண்டு: செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 3, 4 அங்குலம் பரப்பி, கட்டையால் தட்டி, வாட்டம் பார்த்து, மேலே தட்டோடு என்னும் தட்டையான ஓட்டைப் பதிப்பது. இந்த வெதரிங் கோர்ஸ் மழைக்கும் காப்பு, வெயிலுக்கும் காப்பு. இப்போது செலவும் நாளும் கூடுதல் என்று இதை விட்டுவிட்டு சிமென்ட் பூச்சோடு முடிக்கிறார்கள். பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்குக் கட்டைகளுக்கு மேல் அச்சுக்கல் என்னும் மெல்லிய சின்னச் செங்கல்லைச் சாய்வாக அடுக்கி சுண்ணாம்பில் கட்டியது, அதற்கு மேலும் இதே செங்கல் ஜல்லி அடுக்கும் தட்டோடும்தான் இருக்கும். அந்த வீடுகள் குளிர்ச்சியாக இருந்ததற்கு உயரமான கூரையோடு இதுவும் காரணம்.

புதிதாகக் கட்டுபவர்கள் ஸ்லாபுக்கு மேல் வாட்டர்ப்ரூஃபிங், அதற்கு மேல் சூட்டைத் தடுக்கும் எக்ஸ்பிஎஸ் என்னும் ஃபோம் போர்டு, அதற்கு மேல் வெள்ளை டைல்ஸ் என்று போகலாம். காப்பு போர்டு ஸ்லாபுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே சீலிங்கில் ஒட்டினால் ஸ்லாப் சூடாவதை அது தடுப்பதில்லை.

ஏற்கனவே கட்டிய வீடு, பெரிய செலவு முடியாது என்றால், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடியுங்கள். கீழ் அறையில் 2 முதல் 4 டிகிரி குறைவு பொதுவாகக் கிடைக்கும், வீட்டுக்கு வீடு மாறும். ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில் வெள்ளை மாடி பாசி பிடித்துக் கறுத்துவிடும், மேலே புழுதி வேறு. கறுத்த வெள்ளை வேலை செய்யாது. பிப்ரவரி கடைசியில் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள், சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அடியுங்கள். டைல்ஸ் போடுவதானால் பளபளப்பு வேண்டாம், சொரசொரப்பாக வாங்குங்கள், மழையில் வடாம் கூடையை எடுக்க ஓடும் அம்மா வழுக்கி விழக்கூடாது.

மாடித்தோட்டம் போட்டால் குளிர்ச்சியாகுமா?

ஆகும், நிழல் விழுகிறதே. ஆனால் பாரம் பாருங்கள். ஒரு அடி ஆழத்துக்கு ஈரமண் கொட்டினால் சதுர அடிக்கு 45 முதல் 50 கிலோ வரை வரும். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு வழக்கமாகக் கணக்கில் எடுக்கும் கூடுதல் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ, அதாவது சதுர அடிக்கு 14 கிலோ போல. கணக்கு உங்களுக்கே புரியும். கட்டுமுன்பே இன்ஜினியரிடம் தோட்டம் வரும் என்று சொன்னால் கம்பியையும் கனத்தையும் அதற்கேற்ப வைப்பார். ஏற்கனவே கட்டிய மாடியில் தென்னைநார்க் கழிவு கலந்த குரோ பேக், பைகளுக்கு அடியில் ஸ்டாண்ட், பீம் போகும் ஓரங்களில் மட்டும் கனமான தொட்டி, இந்த அளவோடு நிறுத்துங்கள். மேலே பச்சை ஷேட் நெட் கட்டினால் கீரையும் பிழைக்கும், கீழ் அறையும் பிழைக்கும்.

சுவருக்கு எது நல்லது: செங்கல்லா, ஃப்ளை ஆஷ் கல்லா, ஏஏசி பிளாக்கா?

செங்கல் கெட்டது இல்லை, ஆனால் அதற்கு நல்ல மண்ணைத் தோண்டி, விறகோ நிலக்கரியோ வைத்துச் சுடுகிறார்கள். ஃப்ளை ஆஷ் கல் அனல் மின் நிலையச் சாம்பலில் செய்வது, சுட வேண்டியதில்லை. எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல் படிந்து மீனவர்கள் படும் பாடு சென்னைக்காரர்களுக்குத் தெரியும். சாம்பல் ஆற்றுக்குப் போவதை விடச் சுவருக்குப் போவது நல்லது. ஆனால் வெயிலைத் தடுப்பதில் ஃப்ளை ஆஷ் கல் செங்கல்லை விட ஒன்றும் உசத்தி இல்லை, பல கற்கள் இன்னும் கனம்.

ஏஏசி பிளாக் உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்தது, எடை குறைவு, சூடு கடத்துவதும் செங்கல்லில் நாலில் ஒரு பங்கு மாதிரிதான். மேற்குச் சுவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். இரண்டு எச்சரிக்கை: கான்கிரீட் தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் வலை வைத்துப் பூசாவிட்டால் கோடுகோடாக விரிசல் விடும். தண்ணீரையும் இழுக்கும், அதனால் வெளிப்பூச்சு சரியாக இருக்கணும், இல்லையென்றால் ஐப்பசி மழையில் ஓதம் காத்துவிடும்.

செங்கல்தான் பிடிக்கும் என்றால் மேஸ்திரியிடம் எலிப்பொறிக் கட்டு தெரியுமா என்று கேளுங்கள். கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரப்பிய முறை. ஏறக்குறைய கால் பங்கு கல் மிச்சம், நடுவில் இருக்கும் காற்று வெயிலையும் தடுக்கும். தெரிந்த ஆள் வேண்டும், தெரியாதவரிடம் கட்டாயப்படுத்தாதீர்கள்.

சிமென்ட் வாங்கும்போது பிபிசி என்று கேட்டு வாங்குங்கள், அதிலும் ஃப்ளை ஆஷ் கலந்திருக்கிறது. மணலுக்குப் பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட். ஆற்று மணல் பேச்சே வேண்டாம்.

மழைநீர் சேகரிப்பு சட்டத்துக்காக ஒரு குழி போட்டால் போதாதா?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வரும், இருந்தாலும் பொறுமையாகச் சொல்கிறேன். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. நல்ல சட்டம். அடுத்தடுத்த மழையில் நிறைய இடங்களில் கிணற்று நீர் ஏறியது. அதே ஊரில் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. குழி இருந்த வீடுகள் எத்தனையோ, தண்ணீர் இறங்கிய குழிகள் குறைவு.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 1000 சதுர அடி மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. சிந்துவது ஆவியாவது போக 80 சதவீதம் பிடித்தாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரி என்றால், எட்டு லாரித் தண்ணீர் உங்கள் மாடியிலிருந்து தெருவுக்குப் போகிறது.

முதலில் மாடித்தண்ணீரை ஒரு ஃபில்டர் வழியாக சம்ப்புக்கே, அதாவது தரைக்கடித் தொட்டிக்கே, விடுங்கள். சீசனின் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், அது மாடியின் புழுதியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். மூடி போட்ட ஒரு வால்வு அதற்குப் போதும். சம்ப் நிறைந்து வழிவது கிணற்றுக்கோ, தண்ணீரைப் பூமிக்குள் இறக்கும் ரீசார்ஜ் கிணற்றுக்கோ போகட்டும்.

எந்த மாதிரிக் குழி என்பது மண்ணைப் பொறுத்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி மணல் பூமியில் ஜல்லி நிரப்பிய சின்னக் குழியே தண்ணீரைக் குடித்துவிடும். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கமெல்லாம் களிமண், அங்கே 5 அடிக் குழி போட்டால் தண்ணீர் அப்படியே நிற்கும், கொசுதான் மிச்சம். களிமண் அடுக்கைத் தாண்டி மணல் தட்டும் வரை 3 அடி அகலத்தில் உறை இறக்கி 15, 20 அடிக்குக் கிணறு வெட்டணும். கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் சீக்கிரமே பாறை வரும், அங்கே இடத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். இந்த விஷயத்தில் சேகர் ராகவன் பல வருஷமாகத் தெருத்தெருவாகப் பேசிவருபவர். அவருடைய ஆகாஷ் கங்கா டிரஸ்ட் மந்தைவெளிப்பாக்கத்தில் மழை மையம் ஒன்றை 2002-ல் ஆரம்பித்தது.

பராமரிப்பு: ஒவ்வொரு செப்டம்பரும் மூடியைத் திறந்து பாருங்கள். மேலே காய்ந்த வேப்பிலை, அதற்குக் கீழே உள்ளங்கை கனத்துக்கு வழுவழுவென்று வண்டல், அதில் ஒட்டிக்கொண்ட கூழாங்கல். அந்த வண்டல்தான் தண்ணீரை இறங்க விடாமல் பிடித்து நிறுத்துகிறது. கல்லை வெளியே எடுத்து அலசி, வண்டலை அள்ளிவிட்டு, திரும்பப் போடணும். அரை நாள் வேலை. செய்து முடித்ததும் நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், இறங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

குளிக்கிற தண்ணியைச் செடிக்கு விடலாமா?

விடலாம். பாத்ரூம், வாஷிங் மெஷின் தண்ணீருக்குத் தனிக் குழாய், டாய்லெட்டுக்குத் தனிக் குழாய் என்று கட்டும்போதே பிரித்துவிடுங்கள், பிறகு சுவரை உடைக்க வேண்டியிருக்கும். குளியல் தண்ணீர் கல்வாழையும் வாழையும் நட்ட ஜல்லி மண் பாத்தி வழியாகப் போனால் ஓரளவு சுத்தமாகித் தரைக்குள் இறங்கும். கிச்சன் சிங்க் தண்ணீர் எண்ணெய்ப் பிசுக்கோடு வரும், அதைச் சேர்க்காதீர்கள்.

ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்துத் தரை துடைக்கவும் டாய்லெட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க ஒரு லிட்டர் எடுக்க இரண்டு, மூன்று லிட்டர் வீணாக்கும் சாதனம் அது. கார்ப்பரேஷன் தண்ணீர் மட்டுமே வரும் வீட்டில் ஆர்ஓ தேவையா என்று முதலில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். குழாய் நுனியில் காற்றைக் கலந்து தண்ணீரை மிச்சப்படுத்தும் ஏரேட்டர், டாய்லெட்டில் இரட்டை பட்டன் ஃப்ளஷ், இவற்றைப் பற்றி விவாதமே வேண்டாம், போட்டுவிடுங்கள்.

ஃபேன், ஏசி எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதல் செலவு ஃபேனுக்கு. பழைய ஃபேன் 75 வாட் போல இழுக்கும், குறைந்த கரண்ட்டில் ஓடும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட் போல. நாலு ஃபேன், நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 130 யூனிட் குறையும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் கொஞ்சம் யூனிட் இலவசம் என்பதும், யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும் என்பதும் சேர்ந்து, மிச்சமாகும் யூனிட் எல்லாம் மேல் ரேட்டிலிருந்துதான் கழியும்.

ஏசி வாங்குமுன் கூரை வேலையை முடியுங்கள், சின்ன ஏசியே போதும் என்று ஆகலாம். இன்வெர்ட்டர் 5 ஸ்டார் பாருங்கள், ஆனால் ஸ்டாருக்கான அளவுகோலை மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பிஇஇ அவ்வப்போது உயர்த்துகிறது, அதனால் லேபிளில் ஐஎஸ்இஇஆர் எண்ணையும் (கூடக் கூட கரண்ட் மிச்சம்) எந்த வருஷ லேபிள் என்பதையும் பார்த்து ஒப்பிடுங்கள். 25, 26-ல் வைத்து ஃபேனையும் ஓடவிடுங்கள், ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் கரண்ட் குறையும் என்கிறது பிஇஇ. வெளி யூனிட்டை மூடிய டக்ட்டுக்குள் வைக்காதீர்கள், தான் விட்ட சூட்டையே தான் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

ஏர் கூலர் சென்னைக்கு ஒத்துவராது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருக்கிறது, கூலர் இன்னும் ஈரத்தைச் சேர்த்துக் கசகசவென்று ஆக்கும்.

அப்போ சோலார் எப்போ?

பில்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டு மாதத்துக்கு 200, 250 யூனிட்தான் ஆகிறது என்றால் அவசரமே இல்லை. 600, 700 யூனிட் ஓடும் வீட்டுக்கு நல்ல முதலீடு. 1 கிலோவாட் சென்னையில் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும், நிழல் இல்லாத 100 சதுர அடி வேண்டும். 2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். பேனல் தெற்கு பார்த்துச் சற்றே சாய்ந்திருக்கட்டும். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் ஸ்டாண்டு நல்ல கால்வனைஸ் பண்ணியதுதானா என்று நிச்சயம் பாருங்கள், உப்புக்காற்று சாதாரண இரும்பை விடாது. சற்று உயர்த்திப் போட்டால் மாடிக்கு நிழலும் ஆச்சு.

கரண்ட் போனால் சோலார் ஓடுமா என்று எல்லோரும் கேட்பார்கள். மிச்சக் கரண்ட்டை மின்வாரிய லைனுக்கு அனுப்பும் சாதாரண நெட் மீட்டர் இணைப்பில் ஓடாது. லைனில் வேலை செய்யும் மின்வாரிய ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க, கிரிட் போனதும் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். கட் நேரத்திலும் வேண்டும் என்றால் பேட்டரியோடு ஹைபிரிட் போடணும், செலவு கூடும்.

பில்டர் கிரீன் சர்டிபிகேட் இருக்கு என்கிறார். நம்பலாமா?

பசுமைக் கட்டடச் சான்று தரும் அமைப்புகளில் ஐஜிபிசியா, கிருஹாவா, எந்த நிலை, முன்சான்றா இறுதிச் சான்றா என்று கேளுங்கள். முன்சான்று பிளானைப் பார்த்துக் கொடுப்பது, கட்டி முடித்ததற்கான அத்தாட்சி இல்லை. பிறகு ஃபிளாட்டுக்குள் மதியம் நாலு மணிக்குப் போய் மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சொந்த வீடு கட்டுபவருக்குச் சர்டிபிகேட் அவசியமில்லை.

மரம்?

மேற்கில் புங்கன், வேம்பு, இடம் இருந்தால் புன்னை. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது தெருத்தெருவாக விழுந்து கிடந்ததில் குல்மோகர் போன்ற வெளியூர் மரங்கள் நிறைய. ஆல், அரசு எல்லாம் வீட்டை ஒட்டி வேண்டாம். வீட்டைச் சுற்றிக் காலியாக விடும் செட்பேக் இடம் முழுக்க டைல்ஸ் ஒட்டாதீர்கள், மண் தெரியட்டும், தண்ணீரும் இறங்கும், தரையின் அனலும் குறையும்.

இன்னும் மனையே வாங்கவில்லை. வெள்ளத்துக்கு என்ன பார்க்கணும்?

ஏரிப் படுகையிலும் சதுப்பு நிலத்திலும் என்ன சாதனம் வைத்துக் கட்டினாலும் அது பசுமை வீடு ஆகாது. 2022-ல் ராம்சர் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி வீடுகள் எப்படி நெருங்கின என்று பாருங்கள். மனை வாங்குமுன் கிராம வரைபடத்தையும் நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டையும் எடுத்து, ஏரி, வாய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு எதுவும் தொடவில்லை என்று உறுதி செய்யுங்கள். 2015 டிசம்பரிலும் 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டிலும் எதிர்ப் பெட்டிக்கடையிலும் கேளுங்கள், கோட்டைக் காட்டுவார்கள். 2015-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது.

கட்டும்போது ரோடு இன்னும் உயரும் என்று வைத்துக்கொண்டே தரைமட்டத்தை முடிவு செய்யுங்கள். சம்ப் மூடி தரையோடு தரையாக இருக்கக்கூடாது, ஒன்றரை அடியாவது உயர்த்திக் கட்டுங்கள், வெள்ளத்தில் சாக்கடை சம்ப்புக்குள் போனால் அந்த வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு, மீட்டர் பெட்டியும் இன்வெர்ட்டர் பேட்டரியும் இடுப்புக்கு மேல்.

நான் வாடகை வீட்டில் இருக்கேன். எனக்கு ஏதாவது உண்டா?

உண்டு. காலி பண்ணும்போது கழற்றிக்கொண்டு போகக்கூடியதாகப் பாருங்கள்: பிஎல்டிசி ஃபேன், ஏரேட்டர், மேற்கு பால்கனிக்கு மூங்கில் தட்டி, வெல்க்ரோவில் ஒட்டும் கொசுவலை. பழைய ஃபேனைப் பத்திரமாக எடுத்துவைத்து, போகும்போது திரும்ப மாட்டிவிடுங்கள். மேல் மாடி என்றால் கூல் பெயிண்டை வீட்டு உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள், பெயிண்ட் அவர் செலவு, ஆள்கூலி உங்கள் செலவு என்று சொன்னால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். அபார்ட்மென்ட் என்றால் அசோசியேஷன் மீட்டிங்கில் செப்டம்பருக்கு முன் ரீசார்ஜ் குழியைத் தூர்வாரச் சொல்லி ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள், அதற்கு வாடகைதாரராக இருப்பது தடையில்லை.